அறுபது ஓம்

மணவாளன் சார் மேல் எனக்கு எந்தச் சொந்தப் பகையும் கிடையாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் வரவில்லை. இருக்கிறது. பதினாறு வருடமாக ஒரு தனியார் பாலிடெக்னிக்கின் ஆபீசில் டைப் அடிக்கிறேன். எலக்ட்ரிகல் துறைத் தலைவரான அவர் கைப்பட எழுதிக் கொடுத்த பிழையை அப்படியே அடித்து வைத்தால், பிரின்சிபால் முன்னால் "சந்திரலேகா கவனக்குறைவுங்க" என்று என் தலையில் கட்டிவிடுவார். இந்த மாதிரி எத்தனையோ தடவை. ஆனால் இது என் கதை இல்லை, ஜெயராணியின் கதை. அவளுடைய கோபத்தின் முன்னால் என்னுடையது ஒன்றுமே இல்லை.

ஜெயராணிக்கு இப்போது இருபத்தொன்பது வயது. வீடு கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்டு டவுனில். எங்கள் கல்லூரியில் எலக்ட்ரிகல் லேப் உதவியாளர். கல்லூரி சிதம்பரத்துக்கு இரண்டு ஸ்டாப் முன்னால், மெயின்ரோட்டிலேயே இருக்கிறது. நான் மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறி அவளுக்கு இடம் போட்டு வைப்பேன். அவள் ஓ.டி.யில் ஏறுவாள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே போவோம். ஏழு வருடம் இப்படிப் போய்வந்ததில் அவளுக்குத் தெரிந்த கரண்ட் கணக்கு எனக்கும் கொஞ்சம் வந்துவிட்டது.

அவள் அதே கல்லூரியில்தான் டிப்ளமோ படித்தாள். 2014 அக்டோபர், மூன்றாவது செமஸ்டர் பிராக்டிகல் தேர்வு. சீட்டு எடுத்தபோது அவளுக்கு வந்தது மிகச் சுலபமான சோதனை. ஒரு மரப்பெட்டிக்குள் கம்பிச் சுருள் இருக்கும். அதற்கு வோல்டேஜ் கொடுத்து, எத்தனை ஆம்பியர் கரண்ட் ஓடுகிறது என்று மீட்டரில் பார்க்க வேண்டும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் சுருளின் ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்டை அது எவ்வளவு தடுக்கிறது என்பது, ஓமில் வரும். இரண்டையும் பெருக்கினால் பவர், வாட்டில் வரும். எட்டாவது படித்தவன்கூடப் போடக்கூடிய கணக்கு.

ஜெயராணி மீட்டரை மாட்டிப் பார்த்தாள். ஆறு வோல்ட்டுக்கு 0.1 ஆம்பியர். பன்னிரண்டுக்கு 0.2. இருபத்து நான்குக்கு 0.4. எப்படி வகுத்தாலும் அறுபது ஓம். இருபத்து நான்கு வோல்ட்டில் பவர் 9.6 வாட். எழுதிக் கொடுத்தாள். மணவாளன் சார்தான் அந்த லேபுக்குப் பொறுப்பு. பேப்பரைப் பார்த்தவர் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டார். "நாப்பத்தெட்டு வரணும். இருவத்து நாலு வோல்ட்டுக்கு அரை ஆம்பியர். பத்து வருசமா அதான் வருது. உனக்கு மட்டும் எங்கேர்ந்து அறுவது வரும்?"

"மீட்டர்ல அதான் காட்டுது சார். வந்து பாருங்க."

அவர் வரவில்லை. ஃபெயில் போட்டார்.

பத்து வருடமாக நாற்பத்தெட்டு வந்தது எப்படி என்று இங்கே படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சீனியரின் ரெக்கார்டு நோட்டை வாங்கி ஜூனியர் பார்த்து எழுதுவான். அவனுடையதை அடுத்தவன் வாங்குவான். லேபில் ஒயரை மாட்டிவிட்டுச் செல்போனை நோண்டிவிட்டு வந்து, பழைய நோட்டிலிருக்கும் ரீடிங்கைப் போட்டுவிடுவார்கள். தேர்விலும் மனப்பாடமாக அதையே எழுதுவார்கள். எழுதுகிறவனுக்கும் திருத்துகிறவருக்கும் நிம்மதி. அந்த மரப்பெட்டிக்குள் சுருளுக்குப் பதிலாகச் செங்கல்லை வைத்திருந்தாலும் எல்லோருக்கும் நாற்பத்தெட்டுதான் வந்திருக்கும்.

ஜெயராணி அடுத்த செமஸ்டரில் நாற்பத்தெட்டு என்று எழுதிப் பாஸ் செய்தாள். ஆனால் அரியர் விழுந்தது விழுந்ததுதான். கடைசி வருடம் ஒரகடத்திலிருந்து ஒரு கம்பெனி ஆள் எடுக்க வந்தபோது, ஒரு அரியர்கூட விழாதவர்களுக்கு மட்டும் இன்டர்வியூ என்றார்கள். வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தி வெளியே மரத்தடியில் நின்றாள். பதினோரு பேரை எடுத்துக்கொண்டு போனார்கள்.

இதைக்கூட அவள் மறந்திருப்பாள். மறக்க முடியாதது வேறு. அரியர் விழுந்த வாரம் அவளுடைய அப்பா லூர்துசாமி கல்லூரிக்கு வந்தார். துறைமுகத்தில் ஐஸ் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. துவைத்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, ஸ்டாஃப் ரூம் வாசலில் கைகட்டி நின்றார். சான்றிதழ் விஷயமாக அங்கே போயிருந்த நான் இரண்டு காதாலும் கேட்டேன். மணவாளன் சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "உம் பொண்ணுக்கு வகுக்கவே தெரியலய்யா. இவளுக்கு எதுக்கு கரண்ட்டு? ஒரு தையல் மிஷின் வாங்கிக் குடு, பொழச்சிக்கும்." மற்ற வாத்தியார்கள் சிரித்தார்கள். லூர்துசாமி, "சரிங்க சார்" என்றார்.

அவர் அதை நம்பினார். அதுதான் கொடுமை. படித்த மனிதர் பொய் சொல்வார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அடுத்த மாதமே ஒரு தையல் மிஷின் வாங்கி வீட்டில் இறக்கினார். ஜெயராணி ரீடிங்கை எடுத்துச் சொல்லும்போதெல்லாம், "வுடும்மா, கணக்கு எல்லாருக்குமா வரும்?" என்று தலையைத் தடவிக் கொடுப்பாராம். 2018இல் நெஞ்சு வலியில் செத்துப்போனார். மகளுக்கு வகுக்கத் தெரியாது என்று நினைத்துக்கொண்டே செத்துப்போனார். பஸ்ஸில் இதை அவள் சொன்ன அன்று நான் அழுதேன். அவள் அழவில்லை.

"அந்தாளு எல்லார் முன்னாடியும் தன் கையால அறுவதுன்னு எழுதணும் அக்கா. அதுக்குத்தான் இந்த வேலைக்கே வந்தேன்" என்றாள்.

வேலைக்குச் சேர்ந்த 2017இலேயே அவளுக்கு ஆயுதம் கிடைத்திருந்தது. லேபைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒரு நாள் அந்த மரப்பெட்டியின் நான்கு ஸ்க்ரூவையும் கழற்றியிருக்கிறாள். உள்ளே சுருள் புதிதாக இருந்தது. அதன் மேல் சுற்றிய மஞ்சள் இன்சுலேஷன் தாளில் பேனாவால் எழுதியிருந்தது: "மணவாளன் சார், 12.8.14, புதுச் சுற்று, கோவி."

கோவி என்றால் கோவிந்தசாமி. திருப்பாதிரிப்புலியூரில் மோட்டார் வைண்டிங் கடை. மோட்டாரோ ஃபேனோ, எதைச் சுற்றிக் கொடுத்தாலும் கொண்டுவந்தவர் பெயரையும் தேதியையும் உள்ளே எழுதி மூடுவது அவர் வழக்கம். ஆறு மாதம் கழித்து, போன வாரம்தான் சுற்றினாய் என்று யாராவது சண்டைக்கு வந்தால் கழற்றிக் காட்டுவார். நாங்கள் இரண்டு பேரும் ஒரு சனிக்கிழமை போய்க் கேட்டோம். அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"சின்னக் காயிலு. ஒரே கருக்கல். லேப் சப்ளைல மாட்டறதுக்குப் பதிலா நேரா செவுத்துல இருக்கற கரண்ட்ல மாட்டிட்டாரு. வெளிய சொல்லாதீங்கன்னு பத்து வாட்டி சொன்னாரு. அந்தக் கம்பி எங்கிட்ட இல்ல. இருந்த சன்னக் கம்பில சுத்திக் குடுத்தேன்."

திரும்பும் வழியில் ஜெயராணி கணக்குப் போட்டாள். 230 வோல்ட்டை 48 ஓமால் வகுத்தால் 4.8 ஆம்பியர். பெருக்கினால் ஆயிரத்து நூறு வாட். பன்னிரண்டு வாட் தாங்குகிற சுருளில் ஆயிரத்து நூறு. தானே எரித்துவிட்டு, சிதம்பரத்தில் கொடுத்தால் வெளியே தெரிந்துவிடும் என்று கடலூர் வரை தூக்கிவந்து, ஆகஸ்டில் சுற்றி வைத்துவிட்டார். அக்டோபரில் ஒரு பெண் அறுபது என்று எழுதினாள். அதற்கு மார்க் போட்டால், நாற்பத்தெட்டு எப்படி அறுபதாயிற்று என்று யாராவது கேட்பார்கள். அதனால் அந்தப் பெண்ணின் தலையில் கோடு போட்டார். தெரியாமல் செய்யவில்லை. தெரிந்தே செய்தார். எனக்கு அன்றைக்கே அவர் வீட்டு வாசலில் போய்க் கத்த வேண்டும் போலிருந்தது.

"இப்பப் போனா காயில மாத்திட்டு இல்லவே இல்லன்னுருவாரு அக்கா. வெளியாள் முன்னாடி மாட்டணும்" என்று அவள் ஸ்க்ரூவை முடுக்கிவிட்டுக் காத்திருக்க ஆரம்பித்தாள். அப்போது உயிரோடிருந்த அப்பாவிடம் இதைச் சொன்னபோதும் அவர் தலையைத்தான் தடவிக் கொடுத்தாராம்.

ஏழு வருடம். அவளுடைய லேபைப் பார்த்தால் யாரும் பழிவாங்கக் காத்திருக்கிறவளின் இடம் என்று சொல்லமாட்டார்கள். மற்ற லேப்களில் மீட்டர் முள் பாதி வழியில் சிக்கி நிற்கும். இவளுடைய மீட்டர்கள் எல்லாம் சொன்னபடி கேட்கும். வருடா வருடம் சரிபார்த்துச் சான்றிதழ் வாங்கிவைப்பாள். மீட்டர் தப்பு என்று அந்த ஆள் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். பிரின்சிபால் இரண்டு தடவை மேடையில் பாராட்டினார். மணவாளன் சாரும் கைதட்டினார். அவளைப் படிக்க வைத்த ஞாபகமே இல்லாத மாதிரி, "எந்த பேட்ச்மா நீ?" என்று கேட்பார்.

ஒவ்வொரு அக்டோபரிலும் பிராக்டிகல் தேர்வை மேற்பார்க்க வெளிக் கல்லூரியிலிருந்து எக்ஸ்டர்னல் வருவார். ஏசி ரூமில் உட்காருவார், பிரியாணி சாப்பிடுவார், நாற்பத்தெட்டுகளுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். 2019இல் சேத்தியாத்தோப்புப் பையன் கார்த்திகேசன், ஜெயராணியைப் போலவே நிஜமாக அளந்து அறுபது என்று எழுதினான். கோடு விழுந்தது. அரியர். "நீ வாயத் தொறந்திருக்கலாமேடி" என்றேன் பஸ்ஸில். "இந்த எக்ஸ்டர்னல் அவரோட சம்பந்தி அக்கா. இவர் கிட்ட சொன்னா எல்லாம் வீணாப் போயிடும்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

இந்த 2024இல் மங்கலம்பேட்டையிலிருந்து வரும் அனுப்பிரியா அறுபது என்று எழுதினாள். ஆகஸ்டில், ரெக்கார்டு நோட்டிலேயே. மணவாளன் சார் சிவப்பில் அடித்து, "தேர்வுல இப்படி எழுதுனா ஃபெயில்தான்" என்றார். அந்தப் பெண் அடித்ததை அப்படியே விட்டுவைத்தாள். மாற்றி எழுதவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. ஜெயராணியின் கண் மட்டும் ஒரு மாதிரி பளபளத்தது.

அக்டோபர் 24, வியாழன். எக்ஸ்டர்னலாக வந்தவர் சௌந்தரம் மேடம். இந்தப் பக்கத்துக்குப் புதிது. டிபன் கேரியரோடு வந்தார், பிரியாணி வேண்டாம் என்றார், ஏசி ரூமும் வேண்டாம் என்று லேபிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ஹால் டிக்கெட் லிஸ்ட் கொடுக்கிற சாக்கில் நானும் போய் ஓரமாக நின்றுகொண்டேன்.

அவர் நாற்பத்தோரு ரெக்கார்டு நோட்டையும் புரட்டினார். நாற்பதில் நாற்பத்தெட்டு. ஒன்றில் அறுபது, மேலே சிவப்புக் கோடு. "என்ன சார், நாப்பது பேருக்கும் ஒரு புள்ளி கூட மாறல?" என்றார்.

"நம்ம பசங்க அவ்ளோ கரெக்டுங்க மேடம்" என்று மணவாளன் சார் சிரித்தார்.

"அப்ப நீங்களே ஒரு ரீடிங் எடுத்துக் காட்டுங்க."

சிரிப்பு நின்றது. "ஜெயராணி, மாட்டிக் குடும்மா" என்றார்.

"நான் தொட்டா நல்லா இருக்காது சார். நீங்களே மாட்டுங்க" என்று அவள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

ஒயரைத் தொட்டு எத்தனை வருடமாயிற்றோ. கரண்ட் ஓடும் வழியில் வரிசையாக வைக்க வேண்டிய ஆம்பியர் மீட்டரைச் சுருளுக்குக் குறுக்கே வைத்துச் சுவிட்சைப் போட்டார். டப்பென்று ஃபியூஸ் போனது. முதல் வாரத்திலேயே செய்யாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற தப்பு. பின் வரிசையில் ஒருவன் களுக்கென்றான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அடக்கவும் விருப்பமில்லை. ஜெயராணி சட்டென்று புது ஃபியூஸைப் போட்டுக் கொடுத்தாள். கையிலேயே வைத்திருந்தாள்.

இரண்டாவது தடவை சரியாக மாட்டினார். இருபத்து நான்கு வோல்ட். முள் 0.4இல் நின்றது.

"மீட்டர் தப்பு" என்றார். ஜெயராணி இன்னொரு மீட்டரைக் கொண்டுவந்தாள். 0.4. மூன்றாவது. 0.4. மூன்றின் சான்றிதழையும் மேஜையில் பரப்பினாள்.

"போர்டுல வகுத்து எழுதுங்க சார்" என்றார் மேடம். அவர் சாக்பீஸை எடுத்து 24 கீழ் 0.4 என்று போட்டு, நாற்பத்தோரு பேர் பார்க்க, 60 என்று எழுதினார். எழுதி முடித்துத் திரும்பியவர் ஜெயராணியைப் பார்த்துக் கத்தினார்.

"இவதான் மேடம் காயில மாத்தியிருக்கா! இதே எக்ஸ்பெரிமெண்ட்ல நான் ஃபெயில் போட்டவ இவ. அந்தக் காண்டு!"

எந்த பேட்ச் என்று ஏழு வருடமாகத் தெரியாத மாதிரிக் கேட்டவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஜெயராணி லேப் கோட்டின் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நான்கு ஸ்க்ரூவையும் கழற்றி, பெட்டியை மேடம் பக்கம் திருப்பி வைத்தாள். மேடம் மஞ்சள் தாளைச் சத்தமாகப் படித்தார். பெயர், தேதி எல்லாம். பிறகு அனுப்பிரியாவின் நோட்டிலிருந்த சிவப்புக் கோட்டின் மேல் தன் கையெழுத்தைப் போட்டு, மற்ற எல்லோரையும் மறுபடி அளக்கச் சொன்னார்.

சாயங்காலம் அனுப்பிரியா லேபுக்கு வந்தாள். நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். "அக்கா, சார் என் நோட்டுல கோடு போட்டப்ப நீங்க பக்கத்துலதான நின்னீங்க? உங்களுக்கு அப்பவே தெரியுமா?" என்று கேட்டாள். ஜெயராணி மீட்டர்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

பிரின்சிபால் விசாரணை வைத்தார். தீபாவளி லீவு முடிந்து திங்கட்கிழமை ஜெயராணி எழுத்தில் வாக்குமூலம் தர வேண்டும். லீவுக்கு முந்தின நாள் மணவாளன் சார் அவளைத் தேடிவந்தார். "காயில் மாத்தினத சார் மறந்துட்டாருன்னு எழுதிடும்மா. இன்னும் ரெண்டு வருசம் சர்வீஸ் இருக்கு. மன்னிச்சுக்க."

"எங்கிட்ட எதுக்கு சார்? எங்கப்பாகிட்ட கேளுங்க. ரெண்டாந்தேதி கல்லறைத் திருநாள். ஓ.டி. கல்லறைக்கு மத்தியானம் மூணு மணிக்கு வாங்க" என்றாள்.

வரமாட்டார் என்று பந்தயம் கட்டினேன். வந்தார். நானும் ஜெயராணியோடு போயிருந்தேன். கல்லறை முழுக்க ஜனம். சுண்ணாம்பு அடித்த சமாதிகளில் சாமந்தியும் மெழுகுவர்த்தியுமாக இருந்தது. லூர்துசாமியின் சமாதி வெறும் சிமெண்ட் பலகைதான். ஜெயராணியின் அம்மா அதைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள். மணவாளன் சார் மெழுகுவர்த்திப் பாக்கெட்டை நீட்டினார். ஜெயராணி வாங்கவில்லை. ஒரு சாக்பீஸை நீட்டினாள்.

"யாரும்மா இவுரு?" என்றாள் அம்மா.

"என் வாத்தியார்மா. அப்பாவுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்ட வந்திருக்காரு."

அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு எங்கும் பார்க்கவில்லை, நேராக அவரைத்தான் பார்த்தேன். வேட்டியைச் சுருட்டிக்கொண்டு குனிந்து சிமெண்டில் எழுதினார். 24 கீழ் 0.4. 60.

"பவரும் போடுங்க சார். கேள்வியில ரெண்டும் கேட்டிருக்கு."

24 பெருக்கல் 0.4 என்று எழுதி, 9.6 என்றும் எழுதினார். "அப்ப அந்த வாக்குமூலம்..." என்று இழுத்தார்.

"உள்ளது உள்ளபடி எழுதுவேன். வாங்கன்னுதான் சொன்னேன், கொறச்சு எழுதறேன்னு சொல்லல."

அவர் போனபிறகு அவள் அந்தப் பலகையில் முகத்தை வைத்துப் படுத்து, "பாத்தியாப்பா, பாத்தியாப்பா" என்று அழுதாள். பத்து வருடத்து அழுகை. எழுந்தபோது அவள் கன்னத்தில் 60 பாதி ஒட்டியிருந்தது. அவளுடைய அம்மா முந்தானையால் துடைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை வாக்குமூலத்தை அவள் சொல்லச் சொல்ல நான்தான் டைப் அடித்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக எதையும் அடித்ததில்லை. ஒரு இடத்தில் கை நின்றுவிட்டது.

"2017 முதல் இது எனக்குத் தெரியும். 2019இல் கார்த்திகேசன் என்ற மாணவர் சரியாக அளந்து எழுதியும் ஃபெயில் ஆக்கப்பட்டார். நான் பக்கத்தில் நின்றேன், சொல்லவில்லை."

"இது எதுக்குடி? உனக்கும் மெமோ வரும்."

"அடிங்க அக்கா."

அடித்தேன். மணவாளன் சாரின் துறைத் தலைவர் பதவி போனது. பாடம் எடுக்கவும் கூடாது என்று அவரை ஆபீசில் என் எதிர் மேஜைக்குத் தள்ளினார்கள். இப்போது அவர் எழுதுகிற பிழைக்கு அவரேதான் கையெழுத்துப் போடுகிறார். ஜெயராணிக்குப் பதினைந்து நாள் சஸ்பென்ஷன்.

அந்தப் பதினைந்து நாளில் ஒரு நாள், நான் லீவு போட்டுக் கூட வர, அவள் சேத்தியாத்தோப்புக்குப் போனாள். கார்த்திகேசன் கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் செய்கிறான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஒரு போனின் முதுகைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"நான் எழுதுனது கரெக்டுன்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியும்?"

"தெரியும்."

"அஞ்சு வருசம் கழிச்சு வந்து சொல்றீங்க. எங்க வீட்ல இன்னிக்கும் எனக்குப் படிப்பு ஏறலன்னுதான் சொல்றாங்க." அவன் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கஸ்டமர் நிக்கறாங்க."

திரும்பும் பஸ்ஸில் எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவ்வளவு தூரம் தேடிப் போனவளிடம் இப்படியா பேசுவது என்று பொரிந்து தள்ளினேன்.

"வுடுங்க அக்கா," என்றாள் ஜெயராணி. "மறுபடியும் போவேன். அவங்க வீட்ல எல்லாரையும் உக்கார வெச்சு, நானே வகுத்துக் காட்டணும்."